முதல் குறிப்பைப் பார்க்கவும்

ஏ புள்ள,

இப்படித்தான் நீ என்னைக் கூப்பிடுவாய். இன்றைக்கு நான் உன்னைக் கூப்பிடுகிறேன். மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் ஹோட்டல் ஆபீஸ் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். இரும்பு பீரோவை நகர்த்த வேண்டும், உள்ளே இருக்கிற பழைய காகிதங்களைப் பிரித்து வேண்டாததைக் கிழித்துப் போடுங்கள் என்று புது மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். கதவைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. கொடைக்கானல் மழைக்கு எல்லாப் பீரோவிலும் வருமே, பூஞ்சையும் அந்துருண்டையும் கலந்த வாடை. தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தேன். நாலாவதோ ஐந்தாவதோ கையில் வந்த ஃபைல் உன்னுடையது.

முதல் பக்கத்தில் உன் போட்டோ. இரட்டைச் சடை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. இருபத்தோரு வயதில் எவ்வளவு முறைப்பாகப் பார்க்கிறாய்! சிரித்தே விட்டேன். சிரித்துக்கொண்டே போட்டோவுக்குக் கீழே பழைய மேனேஜர் பச்சை மையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். மூன்றே வரி. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "வெறுங்காலோடு உள்ளே வந்தாள். ரிசப்ஷனுக்கு ஆகாது. ஹவுஸ்கீப்பிங் கொடுக்கலாம்."

வேறு யாருடைய ஃபைலிலோ உன் போட்டோவை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன். வெள்ளகவி. நீதான். பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சேலையில் இன்னும் வெள்ளைக் கறை இருக்கிறது.

ஏனென்றால் பத்து வருடமாக நமக்குச் சொல்லப்பட்டது வேறு. உனக்கு இங்கிலீஷ் பத்தவில்லை என்றுதான் சொன்னார்கள். உன்னிடமும் அதைத்தான் சொன்னார்கள், என்னிடமும் அதைத்தான். நாம் இரண்டு பேரும் அதை அப்படியே நம்பினோம்.

நினைவிருக்கிறதா, ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு, ஒரே பி.காம். நான் நாயுடுபுரத்துப் பெண், தடுக்கி விழுந்தால் டவுன். உனக்கு வீட்டுக்குப் போவதென்றால் வட்டக்கானல் வரை ஜீப், அதற்கப்புறம் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. பஸ்ஸே பார்க்காத ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய். ரிசல்ட் வந்தபோது உனக்கு என்னைவிட மார்க் அதிகம். அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் ஒருநாளும் மறக்கவில்லை.

ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். எனக்கு ரிசப்ஷன் நாற்காலி, உனக்கு ரூம் கூட்டித் துடைக்கிற வேலை. "இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணும்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மேனேஜர் உன்னிடம் அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் நான் உன் முகத்தைப் பார்க்க பயந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் இடித்தாய்.

"என்ன புள்ள, எழவு வீட்டுக்கு வந்தவ கணக்கா நிக்கிற? பத்தலன்னுதான சொன்னாரு. கெடையாதுன்னா சொன்னாரு? படிச்சுட்டாப் போச்சு."

படித்தாய். அடேயப்பா, அது என்ன படிப்பு! மாடியில் ஏதாவது ஒரு ரூமில் சோலி முடித்து, போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று யாருமில்லாத ரூமை வரவேற்பாய். "குட் ஈவ்னிங் சார். ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?" ஒருமுறை சாவி கொடுக்க வந்தவள் கதவுக்கு வெளியே நின்று முழுசாகக் கேட்டேன். நீயே கேள்வி கேட்டு, நீயே வாடிக்கையாளராக மாறி வெந்நீர் வரவில்லை என்று கோபப்பட்டு, மறுபடி நீயே மன்னிப்புக் கேட்டு பிளம்பரை அனுப்பினாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ திரும்பிப் பார்த்துத் துளிக்கூட வெட்கப்படவில்லை. "சிரிக்காம, பிளம்பர் வர எம்புட்டு நேரம் ஆகும்னு எப்படிச் சொல்லணும், அதச் சொல்லு" என்றாய்.

சாயங்காலம் என் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பாய். "இன்னிக்கு என்ன கேட்டாங்க?" அதுதான் உன் முதல் கேள்வி, பத்து வருடமும். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன், அதை இன்னும் நன்றாக எப்படிச் சொல்லியிருக்கலாம். கடைசியில் எனக்கே நீ சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். பன்னிரண்டாம் நம்பர் ரூமில் ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது அவர் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதி புரியவில்லை. கையில் துடைப்பத்தோடு நின்ற நீதான் அவருடைய மாத்திரை, நோய், எல்லாம் கேட்டு டாக்டரிடம் போனில் ஒப்பித்தாய். அந்த அம்மா ஊருக்குப் போகும்போது ரிசப்ஷன் பெண்ணுக்கு நன்றி என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். பாராட்டு எனக்கு வந்தது. நான் மறுத்துச் சொல்லவில்லை. நீ அதற்கும் சிரித்தாய்.

ஒவ்வொரு மாசியிலும், சீசனுக்கு ஆள் எடுக்கிறதுக்கு முன்னால், ரிசப்ஷனுக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தாய். ஒவ்வொரு முறையும் அதே பதில். எனக்கே வெறுத்துப் போய் ஒருநாள் கேட்டேன், "ஏண்டி, தர மாட்டாங்கன்னு தெரியுது. இன்னும் எதுக்கு இப்படி உசுரை விடுற?"

நீ பக்கெட்டைக் கீழே வைத்தாய். "ரிசப்ஷன் சேரு அவுக கொடுக்கணும், சரி. இங்கிலீசு ஆரு கொடுக்கணும்? அது என்னுது. அவுக சேரைக் குடுக்கலன்னு என்னுதயும் நானே விட்டுட்டா, எனக்கு என்ன மிச்சம் கெடக்கு?"

இந்தப் பேச்சை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? வேலைக்குச் சேருகிற புதுப் பெண்கள் சோர்ந்து உட்கார்ந்தால் உன் கதையைத்தான் சொல்வேன். முயற்சி செய்தால் ஒருநாள் கிடைக்கும் என்று முடிப்பேன். இனி எந்த வாயால் சொல்வேன்?

ஃபைலைத் தொடர்ந்து புரட்டினேன். இரண்டாவது வருட விண்ணப்பம். அதன் ஓரத்தில் பச்சை மையில் "முதல் குறிப்பைப் பார்க்கவும்." மூன்றாவது வருடம், அதே வரி. நான்காவது வருடமும் அதுதான். படிக்கவே இல்லையடி அந்த மனுஷன்! நீ வருடா வருடம் திருத்தித் திருத்தி எழுதியதைப் படிக்காமலே அந்த ஒரு வரியைப் போட்டு மூடியிருக்கிறார். நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, கதவைத் தாண்டிக் காலை வைத்தபோதே, எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. நீ கண்ணாடிக்கு முன்னால் நின்றதெல்லாம், அந்த "ஹவ் வாஸ் யுவர் ஜர்னி" எல்லாம், முடிந்துபோன ஒன்றுக்காக.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு புது மேனேஜரிடம் ஓடினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அவர் நல்லவர்தான். பொறுமையாகப் படித்தார். "அவரும் வேலைய விட்டுப் போயிட்டாரு, அந்தப் பொண்ணும் இல்ல. இனி யாரைக் கேக்கிறது மேடம்? கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். உண்மையிலேயே கேட்பதற்கு யாரும் இல்லை.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று லீவு போட்டு ஊருக்குப் போனாய். "ரெண்டு நாள்ல வெரசா வந்துருவேன்" என்றாய். மூன்றாம் நாள் கம்பில் போர்வையைக் கட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊர் ஆட்கள் மலையேறியிருக்கிறார்கள். பாதை வழுக்கல். வட்டக்கானலில் ஜீப் காத்துக்கொண்டு நின்றது. நீ அதுவரை உயிரோடு வரவில்லை.

பக்கத்து அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபைலின் கடைசித் தாளை அப்போதுதான் பார்த்தேன். அது ஐந்து வருடத்துக்கு முந்தையது. அந்த வருடத்தோடு நீ எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு "எழுதுனேன், போதும் புள்ள" என்றாய். அலுத்துவிட்டது போல என்று நான் விட்டுவிட்டேன்.

ஒரு பக்கம் முழுக்க உன் குண்டு எழுத்து. ஒரு பிழை இல்லாத இங்கிலீஷ். பிழை இருக்காதா என்று இரண்டு முறை தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தமிழில் இப்படி வரும்:

"ஐயா, போன வாரம் உங்கள் அறையைத் துடைக்கும்போது மேசையில் என் ஃபைல் திறந்து கிடந்தது. படித்துவிட்டேன். படித்தது தப்பு, மன்னிக்கவும். எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. அடிக்கு ஒரு சாமி இருக்கிற ஊர். மரியாதைக்குரிய இடத்தில் வாசலிலேயே கழற்றிவிடுவது எங்கள் பழக்கம். வேலை கொடுக்கப் போகிறவரின் அறை என்பதால் உங்கள் வாசலிலும் கழற்றினேன். அது இங்கே குறை என்று எனக்குத் தெரியாது. என்னோடு வந்த தோழிக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நான் இனி ரிசப்ஷன் கேட்கப் போவதில்லை. எங்கள் மலைக் கிராமங்களிலிருந்து இனிமேல் யாராவது வந்தால், வாசலில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்."

அந்தத் தாளின் ஓரத்திலும் பச்சை மையில் அதே வரிதான். முதல் குறிப்பைப் பார்க்கவும்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து வருடமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. இனி எந்த இங்கிலீஷும் உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைக்காது என்று தெரிந்த மறுநாளும் சாயங்காலம் வந்து நின்று "இன்னிக்கு என்ன கேட்டாங்க?" என்று கேட்டிருக்கிறாய். சுருக்கமில்லாமல் போர்வையை இழுத்துச் செருகியிருக்கிறாய். எதை நம்பி அப்படிச் செய்தாய் என்று எனக்கு விளங்கவில்லை புள்ள. சேர் அவர்களுடையது, இங்கிலீஷ் உன்னுடையது என்று நீ சொன்னது வெறும் பேச்சில்லை என்று மட்டும் தெரிகிறது. நான் அதை ஏதோ தைரியத்துக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன்.

ஆனால் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்த ஒரு வரிக்காக. தெரிந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

இன்டர்வியூவுக்குப் போவதற்கு முந்தைய வருடம் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். ஊர் எல்லையில் என் ஷூவைக் கழற்றச் சொன்னாய். கல் குத்துகிறது என்று நான் நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்து உன் அம்மா சிரித்தார். உன் பழக்கம் எனக்குத் தெரியும். டவுனில் வளர்ந்தவள், ஹோட்டல் ஆபீஸுக்குள் யாரும் வெறுங்காலோடு போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு மேனேஜர் அறை வாசலில் நீ குனிந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ஒரே ஒரு இடம்தான் என்று ஞாபகம் வந்தது. உனக்கு மார்க் அதிகம் என்றும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. இங்கிலீஷ் பத்தவில்லை என்று அவர் சொன்னபோது, அப்பாடா, காரணம் வெறுங்கால் இல்லை என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியில்தான் பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஃபைலை நான் கிழிக்கவில்லை. உன் கடைசித் தாளை எடுத்து, பச்சை மைக்குக் கீழே இருந்த இடத்தில் என் பேனாவால் எழுதினேன்: "தோழிக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றாள்." முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஃபைலை பீரோவுக்குள் அதன் இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். சாவி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.