மனோதத்துவமும் ஞாயிற்றுக்கிழமை மணியும்

4-5-1983, புதன்

இன்று முதல் நான் மனோதத்துவ மாணவன். வயது நாற்பத்தொன்பது. உத்தியோகம், கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். புத்தகம் இங்கிலீஷ். கனம், இரண்டு கோவேறு கழுதைகள் தூக்க மறுக்கும்.

காரணம் அண்ணன் இஸ்ரவேல். எஸ்டேட் ஸ்டோர்கீப்பர், சபைச் செயலாளர். அவர் மகள் பெர்சிஸ் பிளஸ் டூ முடித்துவிட்டு மெட்ராசில் மனோதத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். அண்ணன் மசியவில்லை.

"மனுசனும் நாயும் ஒண்ணுங்கற படிப்பாம். ஆத்துமாவே இல்லீங்கறாங்களாம். ஒங்கண்ணி செத்து மூணு வருசமா நான் தனியா வளத்த பிள்ளைய அதுக்கா அனுப்புவேன்?"

விண்ணப்பம் ஜூன் பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கினார்: நான் புத்தகத்தை முழுக்கப் படித்து, விசுவாசி ஒருத்தி இதைப் படிக்கலாமா கூடாதா என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

"எம் பேச்ச நீங்க எப்பங்கண்ணா நம்புனீங்க?"

"நீ வாயத் தொறந்தா பொய்தான். ஆனா வேதத்துல கை வெச்சு ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

சேர்வராயன் மலையைத் தோளில் தூக்கிக்கொண்டு சேலம் வரை நடந்தவன் நான். (அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.) ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எனக்கு எம்மாத்திரம்?

5-5

ஐந்து பக்கம். தலைவலி.

7-5, சனி

1879-ல் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் மனசுக்கென்றே ஆய்வுக்கூடம் திறந்தாராம். அவர் வழி வந்தவர்கள் ஆளை உட்கார வைத்து, உன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல் என்பார்களாம். ஒரே ஒரு விதி: பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது. சூடு, கசப்பு, இறுக்கம் — அவ்வளவுதான்.

ஏற்காட்டின் முதல் மனோதத்துவ ஆய்வுக்கூடம் இன்று எங்கள் சமையலறையில் திறக்கப்பட்டது. மனைவி சலோமி கையில் டம்ளரைக் கொடுத்தேன்.

"என்ன உணர்கிறாய்?"

"காப்பி."

"அந்தப் பேரைச் சொல்லக்கூடாது."

"ஏனுங்க, நானே போட்ட காப்பியக் காப்பின்னு சொல்லாம வேப்பெண்ணைன்னா சொல்லுவாங்க?"

ஆய்வுக்கூடம் மூடப்பட்டது.

11-5

அடுத்தது அமெரிக்கக்காரர்கள். மனசு எதனால் ஆனது என்று கேட்காதே, எதற்குப் பயன்படுகிறது என்று கேள் என்கிறார்கள். கிளியூர்ப் பாதையில் பாம்பைக் கண்டு நான் தென்னை உயரம் எகிறினேனே, பயம் அதற்குத்தான். சரி. ஆனால் ஜெபம் எதற்குப் பயன்படுகிறது? பயன்படுவதற்காகவா ஜெபிக்கிறோம்? பக்க ஓரத்தில் எழுதி வைத்தேன்: நல்ல கேள்வி, ஆனால் மொத்த மனுசனும் இதற்குள் அடங்க மாட்டான்.

16-5

அகராதியின் அட்டை பிய்ந்துவிட்டது. நான் பிய்யவில்லை.

20-5, வெள்ளி

அண்ணன் பயந்தது வந்துவிட்டது. ரஷ்யாவில் ஒருவர் சத்தம் எழுப்பி எழுப்பி நாய்க்குச் சோறு போட்டார். பிறகு சோறே இல்லாமல் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. இதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு கூட்டம், மனசு என்ற பேச்சே வேண்டாம், மனுசனும் இப்படித்தான் என்கிறது.

நெஞ்சுக்குள் சங்கடம். ஒருவேளை உண்மையாக இருந்தால்? பொய் என்று சத்தியம் செய்ய, பொய் என்று எனக்குத் தெரிய வேண்டுமே. சோதித்துப் பார்த்துவிடுவது.

22-5, ஞாயிறு

ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு ஆபீஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தேன். வேலை நாளில் காலையில் ஆட்களை வேலைக்கு அழைக்க அடிப்பதுதான். என் கணக்கு: களைக்கொத்தும் கையுமாக எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

வந்தார்கள். ஓடி வந்தார்கள். ஒருவர் கையிலும் களைக்கொத்து இல்லை. ஐயாக்கண்ணு தலையில் கயிற்றுக்கட்டில். பாவாயி ஈரக் கையோடு பழைய சேலையைக் கிழித்துக்கொண்டே வந்தாள்.

"யாருக்குங்க? யாரு உழுந்தது?"

உண்மையைச் சொன்னேன். பாவாயிக்கு மூச்சு வாங்கியது.

"நாங்க என்ன நாயிங்களா? வேல நாள்ல அடிச்சா வேல. ஞாயித்துக்கெழம அடிச்சா யாரோ உசுருக்குக் கெடக்கறாங்க. இதுகூடத் தெரியாம என்னத்தீங்க படிக்கறீங்க?"

எல்லோர் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "வந்தது வந்துட்டோம், காப்பியாச்சும் ஊத்தச் சொல்லுங்க" என்றான் ஐயாக்கண்ணு. நாற்பது பேருக்கு ஊற்றிய சலோமி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பு தானாக எரிந்தது.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் விடை கிடைத்துவிட்டது. அதே சத்தம், அதே காது. நாய் "எனக்கு என்ன?" என்று வரும். இவர்கள் "யாருக்கு?" என்று கேட்டு வந்தார்கள். அந்தக் கேள்வி எந்தப் பழக்கத்தில் ஊறியது? அப்படிக் கேட்கிறவர்களாகத்தான் ஆண்டவர் நம்மைப் படைத்தார்.

23-5

மேனேஜரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம். அண்ணனோ, "ஆறு வாரத்துல பாதிதான் படிச்ச, அதுக்கே உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. எம் பிள்ள என்ன ஆவா?" என்றார். (மூன்று வாரம்கூட ஆகவில்லை. மிகைப்படுத்துவது எங்கள் குடும்ப வியாதி போலிருக்கிறது.)

மாலையில் பெர்சிஸ் வந்தாள். "விட்ருங்க சித்தப்பா. சேலத்துல டைப்ரைட்டிங் போயிக்கறேன்." அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"கண்ணு, இன்னும் இருநூத்திப் பதினஞ்சு பக்கம் இருக்குது. ஊட்டுக்குப் போ. நான் படிக்கோணும்."

30-5, திங்கள்

வியன்னாவின் வைத்தியர். மனசுக்கு அடியில் ஒரு நிலவறை, நமக்கே தெரியாமல் அதில் என்னென்னவோ பூட்டிக் கிடக்கிறது என்கிறார். பாவ அறிக்கை செய்கிற நமக்கு இது புதிதா? ஆனால் கடவுளே குழந்தையின் ஆசைக் கற்பனை என்கிறார். அவரை நான்கு பக்கம் மறுத்து எழுதி, வியன்னா வரை விரட்டிவிட்டு வந்தேன். இருந்தும் ஒன்று உறுத்துகிறது: மனுசன் வாதாடுவது ஒன்று, வலிப்பது வேறொன்று என்கிறாரே?

4-6

முடித்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மெய்யாகவே.

5-6, ஞாயிறு

அண்ணன் வீட்டுக் கூடம். வேதத்தின் மேல் கை. பெர்சிஸ் அடுப்படியில்.

"ஆபத்து இருக்குதுங்கண்ணா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"சில பேரு மனுசன்ல பாதியப் பாத்துட்டு முழுசுன்னுட்டாங்க. ஆனா பாத்த பாதி நெசம். மலப் பாதையில இருவது வளைவுலயும் ஆபத்து இருக்குது. பஸ்ஸ நிறுத்திட்டோமா? பெர்சிஸ் படிக்கலாம். இது சத்தியம்."

அண்ணன் வேதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ சொன்ன அந்த ஜெர்மன்காரன் சோதனைய எனக்குச் செய் பாக்கலாம்" என்றார். நம்பாமல்தான் கேட்டார். பெர்சிஸ் கொண்டுவந்து வைத்த காப்பியை எடுத்துக் கொடுத்தேன். விதியைச் சொன்னேன். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"சூடு… கசப்பு." நிறுத்தினார். "அப்பறம்… ஊடு. ஊடு சத்தமில்லாமக் கெடக்குது. ஒருத்தருமில்ல."

பொருளின் பெயரைச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. பெர்சிஸ் போன பிறகு இருக்கப்போகும் வீடு அது. ஆத்துமா, நாய் என்று ஒரு மாதம் இவரோடு எதைத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன்? முட்டாள். முட்டாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் கண்ணைத் திறந்து, "அந்த விண்ணப்ப பாரத்தக் கொண்டா சாமி" என்றார்.

7-6

சேலத்துக்கு நானே இறங்கி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

28-6

பெர்சிசுக்கு இடம் கிடைத்துவிட்டது.

3-7, ஞாயிறு

நேற்று பெர்சிசை ரயிலேற்றிவிட்டு வந்தோம். அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்று தன் வீட்டுக்கு இறங்கிப் போனார். நானும் சலோமியும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இன்று மத்தியானம் மேட்டில் ஏறி வந்தார். கையில் அவர் வீட்டு மர நாற்காலி. எங்கள் மேசையோரம் போட்டு உட்கார்ந்தார்.

"குழம்பு என்ன சலோமி?" என்று கேட்டார்.

போகும்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு போகவில்லை.