ஒன்பது தடவைக்கு ஒரு சாட்சி

மாட்டுங்கா,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி ஹரிதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டுப் பிரயோசனமில்லை. சௌக்கியமாக இருப்பவர்கள் செய்கிற காரியமா நீ செய்வது? போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. எனக்கு இங்கிலீஷில் கோபப்பட வராது.

நீ விட்டுப்போன முழங்கால் உறைகளைப் பார்சலில் வைத்திருக்கிறேன். அம்மா மூன்று தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. இதைக் காலில் மாட்டிக்கொண்டு நீங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிறீர்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தால் மருந்து போடாமல் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று என்னிடம் கீழ்வீட்டு அபயாம்பாள் கேட்டாள். இன்ஜினியரிங் படித்துவிட்டு செம்பூரில் ஒரு தகர ஷெட்டில் பெட்டியைத் தாண்டிக் குதிக்கிறாள் என்றேன். ஐயோ பாவம் என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அந்த வேல்ராஜை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோச்சாம். உங்கள் உடற்பயிற்சிப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு வீடியோதான் அனுப்ப வேண்டும், அது ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரு இடத்தில்கூட அறுபடக் கூடாது என்று சொல்லி என் கையில் போனைக் கொடுத்தான். பன்னிரண்டு நிமிஷத்தில் தொண்ணூறு தடவை எடைக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். எண்பத்தொன்று முடிந்ததும் நீ விழுந்தாய். கண் மேலே செருகிவிட்டது. நான் போனை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டு எழுந்து மிச்சத்தையும் தூக்கினாய். அவன் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, "அங்கிள், ரெக்கார்டிங்க நிப்பாட்டிட்டியளா?" என்று கேட்டான். மனுஷனா அவன்?

முழு வீடியோ இல்லை என்று உன்னை நீக்கிவிட்டார்கள். இரண்டு வருஷ உழைப்பை அப்பா ஒரு நொடியில் அழித்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீ பெங்களூருக்குப் போய்விட்டாய். அழித்தது உண்மைதான். ஆனால் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்கே நீ விழுந்தாலும் போனை எறிந்துவிட்டுத்தான் ஓடி வருவேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. நீ போன மறுநாள் குர்லா கோர்ட் வாசலுக்குப் போய், முத்திரைத்தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். 'வெங்கடராமன் ஆகிய நான், என் மகள் விழுந்து எழுந்த பிறகு ஒன்பது தடவையும் முழுமையாகத் தூக்கியதை நேரில் பார்த்தேன். ஒன்பது நொடி மிச்சம் இருந்தது' என்று. அந்த நோட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினான். துறைமுக ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் என் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. உன் போட்டியை நடத்துகிறவர்களுக்கு அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். வீடியோ இணைப்பைத் தருக என்று ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு மனிதன்கூட அதைப் படித்திருக்க மாட்டான். போகட்டும், அவர்கள் தரம் அவ்வளவுதான். மூலப் பத்திரத்தை உனக்கே அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பெங்களூரில் நடக்கிற போட்டிதான் இந்த வருஷத்துக்குக் கடைசி வாய்ப்பு என்று அம்மா சொன்னாள். நேரில் நடப்பதால் வீடியோ தேவையில்லையாம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை. வந்தால் எங்கே போட்டி நடுவில் ஓடி வந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. நீ ஜெயிக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். எனக்கு அப்படி வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. விழுந்தால் மட்டும் உடனே எழுந்துவிடாதே, குழந்தை. அங்கேயும் உன்கூட வந்து நிற்கப்போகிற அந்த வேல்ராஜ் எவ்வளவு கத்தினாலும், மூச்சு வரும்வரை படுத்துக் கிட.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா