சம்பலில் போட்ட குளிசை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் வடை விற்கும் பொன்னையா, சம்பள நாள் வியாபாரத்தை முடித்து லயத்து வரிசையிலிருந்த தன் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. இடுக்கில் மனைவி நல்லம்மா பென்சிலால் அழுத்தி எழுதிய சீட்டு இருந்தது.

"காய்ச்சல் விடல, புள்ளையப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். சாவி விறகுக் கட்டுக்கு அடியில இருக்கு. சோறு மூடி வச்சிருக்கேன்.

வடைச் சம்பல் கெடாம இருக்கக் கிருமியக் கொல்ற காய்ச்சல் குளிசையப் பொடிச்சுப் போடாதீங்கன்னேன், வாய மூடுன்னீங்க. தோட்டத்து டாக்டரய்யாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்சங் கொஞ்சமாப் போட்டதத் தெனம் தின்னதுல கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போச்சாம். புள்ளைக்கு இனி அது கேக்காதாம்.

சட்டியில மிச்சம் இருந்தா மண்ணுல பொதைச்சிடுங்க."

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்: "மேல் லயத்துலயும் மூணு புள்ளைங்களுக்குக் காய்ச்சல். அதே குளிசையத்தான் குடுக்குறாங்க."

பொன்னையா தலையிலிருந்த கூடையை இறக்கினார். வடையோடு ஊற்றிக் கொடுத்ததில், சம்பல் சட்டி வழித்தெடுத்ததுபோல் காலியாக இருந்தது.