முதலில் வந்தவர்கள் யார் என்று டைல்ஸில் எழுத வேண்டுமாம்

என் ஏஞ்சலா அக்காவுக்கு,

சிதம்பரம் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, உன் கேமரூன் ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உன்னைக் கேட்டவள் எழுதுகிறேன். படிப்பு முடிந்து நீ உன் நாட்டுக்குப் போன பிறகும் மனதுக்குள் உன்னிடம் பேசுவதை நான் விடவில்லை. இன்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் செராமிக் வேலையில் சேர்ந்திருக்கிறேன். டைல்ஸில் பிரஷ்ஷால் எழுதும் வேலை. கம்மாபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுக்கிறார்கள். புது இடத்தில் கோயில் கட்டி, அதன் சுவரில் ஊர் வரலாற்றை டைல்ஸில் பதிக்கப் போகிறார்கள். எழுதுவது நான். கடைசி வரியை நேற்று சித்தப்பா சொன்னார்: காடு திருத்திக் குடியேறியது எங்கள் மேலத்தெரு, கீழத்தெருக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"புது எடத்துல மனை பிரிக்கிறப்ப யாருக்கு முதல்லன்னு பேச்சு வரும்ல. செவுத்துலயே இருந்தா எவன் மறுப்பான்?"

"அவங்களும் இதே கதையத்தான சொல்றாங்க."

"படிச்ச புள்ளன்னு குடுத்தா வக்கீலாட்டம் கேக்குற. நாளைக்கு டைல்ஸ் சூளைக்குப் போயிடணும்."

உன் இனத்தாரான விடிகும் மக்களை நினைத்துக்கொண்டேன். விடிகும் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர்தான் என்பாய். மெட்டா, மொகாமோ என்று வேறு வேறு பேச்சுக்காரர்களும் அந்தப் பக்கமிருந்து தாட்கோன் என்ற இடம் வழியாக மலையேறியதாகச் சொல்ல, வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லாருக்கும் அதையே பெயராக்கிவிட்டார்களாம். பிரிந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் யார் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும் என்று சிரிப்பாய். பின்னால் குதிரையில் வந்து உங்கள் பக்கத்தில் குடியேறிய பாலி என்ற இன்னொரு இனத்தாரைப் பற்றிப் பேசும்போது சிரிக்கமாட்டாய். நிலம் யாருக்கு என்ற சண்டையில் வீடுகள் எரிந்தன. "எங்க ஆளுங்க வச்ச தீயையும் சொல்லணும்டி" என்றாய், உன் அரைகுறைத் தமிழில். அதைச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

இன்று காலையில் சித்தப்பா சொன்ன வரியை எழுதி முடித்தேன். பக்கத்து மேசை செல்வி கீழத்தெருக்காரி. எட்டிப் பார்த்தாள்.

"நாங்க எந்த பஸ்ஸுல வந்து எறங்கினோம்னு போடலியா?"

சுடாத எழுத்து ஈரப் பஞ்சுக்கே போய்விடும். துடைத்தேன்.

"உங்க சித்தப்பா வேற ஆள வச்சு எழுதிக்குவாரு," என்றாள்.

அப்படி எழுதிக்கொள்ளலாம்தான். அப்பா இல்லாத எங்களுக்கு மனை கேட்டுப் பேச வேண்டியவரும் அவர்தான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதோ, கம்பெனி கேட்டில் சித்தப்பாவின் பைக் வந்து நிற்கிறது.

அக்கா, பஞ்சு பட்டுவிட்டது, கை தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்தான் அழித்தேன் என்பேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வனிதா