பார்க்க வந்தவள்

1921, ஐப்பசி, சனி இரவு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, நான் சமைக்கிற பள்ளி விடுதியிலேயே, பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மாவுக்காகத்தான். அவள் அப்பா அம்மாவுக்குத் துரை லீவு கொடுப்பதில்லை. "இந்தச் சனியும் என்னைப் பாக்க யாரும் வரலைன்னா லயத்து வீட்டுக்கே போயிடுவேன், படிப்பு வேணாம்" என்று காலையில் மூட்டை கட்டிவிட்டாள்.

ஆள் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினேன். ஓடி வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்ன புள்ள, இளைச்சுட்ட? இங்க சமைக்கிறவ ஒழுங்காச் சோறு போடுறதில்லையா?"

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத ஏன் கேக்குறீங்க அத்தை, எல்லாத்துலயும் ஒரே உப்பு."

ஊரைவிட்டு இலங்கையில் இந்தப் பதுளைக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அத்தை என்றதில்லை. ஊரில் அண்ணன் பிள்ளைகள் இப்போது... சரி, போகட்டும்.

மணி அடிக்கும்வரை என் சமையலை இருவருமாகத் திட்டித் தீர்த்தோம். மூட்டையை அவிழ்த்துவிட்டாள். அடுத்த சனியும் வரச் சொல்லியிருக்கிறாள்.

அடுப்படிக்குத் திரும்பினேன். பருப்புக் கரிந்து சட்டியோடு ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் ரசம் வைத்தேன். அதில் உப்புப் போட மறந்துவிட்டேன்.