செவ்வாய்க்கிழமை போன மூன்று விரல்கள்

அனுப்புநர்:
எபோ குவான்சா,
வள்ளத்து எஞ்சின் ஓட்டி,
எசியம்பா மீன்பிடித் துறை, கானா.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்.

பொருள்: வேலையில் விரல்கள் இழந்தமைக்கு இழப்பீடு – தள்ளுபடியான மனுவை மீண்டும் விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திரு. எகோ அமிஸா அவர்களின் வள்ளத்தில் நான் பல ஆண்டுகளாக எஞ்சின் ஓட்டி வந்தேன். கடந்த ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் வலது கையில் மூன்று விரல்கள் போயின. "செவ்வாய்க்கிழமை கடல் ஓய்வெடுக்கும் நாள். எங்கள் துறையில் அன்று எவருக்கும் வேலை இல்லை. எபோ தானாகப் போய் விழுந்து வைத்தான்" என்று முதலாளி தங்களிடம் எழுதிக் கொடுத்துள்ளார்.

கடலில் வேலை இல்லை என்பது உண்மை. கரையில் உண்டு. வலை தைப்பதும் எஞ்சின் பழுது பார்ப்பதும் அன்றுதான். நானும் வள்ளத்துக் கூட்டாளிகளும் வலை தைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து, "எபோ, எஞ்சின் சரியாச்சானு கரையோரமா ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாப்பா. வலை போட்டாத்தானே கடல் கோவிச்சுக்கும்?" என்றார். செவ்வாயில் பிறந்ததால் எபோ என்று பெயர் பெற்றவன் நான். அந்தக் கிழமையை மதிக்காதவன் அல்ல. ஆனால் மறுத்தால் மறுநாள் வேறொருவன் எஞ்சினில் உட்கார்ந்திருப்பான். ஆகவே போனேன். அலை வள்ளத்தைப் புரட்டியபோது என் கை எஞ்சினின் சுழலும் விசிறியில் சிக்கியது.

முதலாளியே என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். "பயப்படாதடா, நான் இருக்கேன்" என்று வழியெல்லாம் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை ஐயா. இழப்பீடு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அவருக்கு மறதி வந்தது. அது எனக்குக் கையைவிட அதிகம் வலிக்கிறது.

கூட்டாளிகளும் வாய் திறக்கவில்லை. செவ்வாய்த் தடையை மீறிய வள்ளம் என்று தெரிந்தால் மீனவர் தலைவர் வள்ளத்தையே கரையில் கட்டிப்போடுவார், அத்தனை பேர் அடுப்பும் அணையும் என்ற பயம். எனவே சென்ற மாதம் நானே அந்தத் தலைவரிடம் போய் உள்ளதைச் சொல்லி, ஓர் ஆடும் மதுவும் வைத்து மன்னிப்புக் கேட்டேன். தலைவர் கடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, "வள்ளத்து மேல இனி குத்தமில்ல. கடல்கிட்ட நான் பேசிட்டேன். முதலாளிகிட்டப் பேச வேண்டியது கவர்மெண்டு" என்றார். இப்போது கூட்டாளிகள் சாட்சி சொல்லச் சம்மதித்துள்ளனர்.

இன்று நான் என் மனைவி அராபாவின் அடுப்படியில் அமர்ந்து, இடது கையால் மீனைப் புரட்டிப் புகை போடுகிறேன். பாதியைக் கருக்கிவிடுகிறேன். கருகியதை அவள் எங்கள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுகிறாள். இம்மனுவையும் நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்.

முன்பு தாங்கள் விசாரணையை ஒரு வியாழக்கிழமை வைத்தீர்கள். அழைத்தும் சாட்சிகள் வரவில்லை என்று மனு தள்ளுபடியானது. பயம் ஒருபுறம் இருக்க, அன்று அவர்கள் அனைவரும் கடலில் இருந்தார்கள்.

ஆகவே ஐயா, மறு விசாரணையைத் தயவுசெய்து ஒரு செவ்வாய்க்கிழமை வையுங்கள். அன்று என் கூட்டாளிகள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். முதலாளியும் இருப்பார்.

இடம்: எசியம்பா
நாள்: 14 ஆகஸ்ட் 2019

தங்கள் உண்மையுள்ள,
எபோ குவான்சா
(இடது கை ஒப்பம்)