காய் விழும் ஓசை

9 மார்ச் 1998, திங்கள்

கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்து ஆடும் பாதுக் பலகையாட்டத்தின் இறுதிப் போட்டியை இணையத்தில் நேரடியாகத் தரும் வேலை எங்களுக்கே கிடைத்துவிட்டது! நாலே பேர் மிஞ்சியிருக்கும் எங்கள் கம்பெனிக்கு! முதலாளி குக் சார் நாற்காலி மேல் ஏறி நின்று, "இது ஓடலேன்னா கடையச் சாத்திட வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பொய் இல்லை.

12 மார்ச்

சோதனை ஒளிபரப்பு. வீட்டு மோடத்தில் பார்த்தேன். ஆட்டக்காரரின் கை காயை எடுத்தது. அப்படியே நின்றது. இரண்டு நிமிடம் கை அந்தரத்தில். படம் மறுபடி வந்தபோது பலகையில் மூன்று காய்கள் கூடியிருந்தன!

"அக்கா, இது நேரடி ஒளிபரப்பு இல்ல, கல்யாண ஆல்பம்" என்கிறான் கூட வேலை செய்யும் ஜுன்ஹா. உதைக்க வேண்டும்.

13 மார்ச்

பேருந்தில் தோன்றியது. படத்தை ஏன் அனுப்ப வேண்டும்? குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது. காய் எங்கே விழுந்தது என்று சொல்ல இரண்டே எண்! பார்ப்பவரின் கணினியே பலகையை வரைந்துகொள்ளட்டும். மிச்ச இடமெல்லாம் வர்ணனையாளரின் குரலுக்கு.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

16 மார்ச்

"ஆள் மூஞ்சியே தெரியாம எவன் பாப்பான்?" என்றார் குக் சார். நிமிடத்துக்கு ஒரு புகைப்படம் என்று பேரம் படிந்தது.

18 மார்ச்

குரல் ஏழு விநாடி தாமதமாகப் போய்ச் சேருகிறது. எண்களையும் ஏழு விநாடி பிடித்து வைத்தேன். இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஓடுகிறது, ஓடுகிறது!

21 மார்ச், சனி



பத்து மணிக்கு ஆட்டம். மதியத்துக்குள் எண்ணூறு பேர். இரண்டு மணிக்கு வெள்ளைக்காரர் — வெள்ளைக் காய் ஆடுபவர் — யோசிக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடம். பத்து. வர்ணனை செய்த மா அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டு யோசனையில் மூழ்கிவிட்டார். உடனே எல்லாத் தொலைபேசிகளும் அலறின. "லைன் போச்சா?" "நின்னு போச்சேம்மா!"

போகவில்லை, அவர் யோசிக்கிறார்! நிமிடத்துக்கு ஒன்றாகப் போன புகைப்படங்களிலும் அசையாத அதே உருவம்தான். ஆனால் எது யோசனை, எது துண்டிப்பு என்று அந்தப் பக்கம் எப்படித் தெரியும்? பார்ப்பவர்கள் அறுநூறாகக் குறைந்தார்கள். நானூறு. இது ஏன் முன்னாடியே எனக்குத் தோணல?

போட்டி நடக்கும் இடத்தில் இருந்த ஜுன்ஹாவைக் கூப்பிட்டேன். "பலகை பக்கத்துல ஒரு மைக் இருக்குல்ல? திறந்து விடு!"

"சும்மா கிடக்கிற ரூம் சத்தத்த அனுப்பி என்னடி பண்ணப் போற?" என்றார் குக் சார்.

"ஆள் இருக்காங்கன்னு தெரியட்டும் சார்."

கடிகாரத்தின் டிக் டிக். விசிறி விரிந்து மடங்கும் சத்தம். ஓர் இருமல். தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. போனவர்கள் திரும்பி வந்தார்கள். முப்பத்தேழாவது நிமிடத்தில் — டக்! அதே கணத்தில் திரையில் வெள்ளைக் காய்.

"அட, அங்கயா!" என்று மா அம்மா கத்தினார். நானும் கத்தினேன். ஆயிரத்து முந்நூறு பேர்!

27 மார்ச்

அடுத்த போட்டிக்கும் கையெழுத்தாகிவிட்டது. புதிதாக ஆள் தேடுகிறோம்.

தெற்கே ஒரு தீவிலிருந்து கடிதம். மீனவர். அங்கே இணைப்பு கிடைக்கவே நாலு தடவை முயல வேண்டுமாம். திரையைப் பார்த்துத் தன் பலகையிலும் காய் வைத்துக்கொண்டே வந்தாராம். அந்த முப்பத்தேழு நிமிடமும் அவர் மனைவி அரிசி களைவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். இவர் இருமியதற்குத் திட்டு: "சத்தம் போடாதீங்க, அவரு யோசிக்கிறாரு."